பன்மை படுத்திய பாடு

'கேவ்ஸ்' என்றால் ஆங்கிலத்தில் குகைகள். இதற்கு ஒருமை என்ன என்று ரூபி ஆன் ரெயில்ஸைக் கேட்டால், கொஞ்சமும் யோசிக்காமல் 'கஃபே' என்று எழுத்துக்கூட்டிக் கொடுக்கும். குகைக்குள் போனவன் காபிக்கடை வழியாக வெளியே வரவேண்டியதுதான். 'இந்தியா'வைக் கொடுத்து ஒருமை கேட்டால் 'இண்டியம்' என்று வரும். இண்டியம் 1863-இல் ஜெர்மனியில் கண்டுபிடிக்கப்பட்ட உலோகம், அணு எண் 49. நூற்று நாற்பது கோடிப் பேரையும் ஒரே தட்டில் தனிம அட்டவணைக்குள் தள்ளிவிட்டு, அது அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடும்.

இந்த வாத்தியார் சாதாரண ஆள் கிடையாது. கிட்ஹப், ஷாப்பிஃபை எல்லாம் இவரிடம் பாடம் கேட்டு வளர்ந்த பிள்ளைகள். வெப்சைட் கட்டுகிற சாமானுக்கு இலக்கணம் எதற்கு, அதுவும் அரைகுறை இலக்கணம் எதற்கு என்று கேட்பீர்கள். அது ஒரு புராணம். சுருக்கிச் சொல்கிறேன்.

முதலில் எக்ஸ்எம்எல் யுகம். 2000-ஐ ஒட்டிய வருஷங்கள். பெரிய கம்பெனிகளில் ஜாவா ராஜ்ஜியம் நடந்தது. கடைக்கு ஒரு வாடிக்கையாளர் வருகிறார் என்றால், அவரை என்டர்பிரைஸ் ஜாவாபீன்ஸ் முறைப்படி வரவேற்க வேண்டும். அவருக்கு ஒரு ஹோம் இன்டர்ஃபேஸ், ஒரு ரிமோட் இன்டர்ஃபேஸ், பீன் கிளாஸ் ஒன்று, இத்தனையும் இன்னார் வீட்டுப் பிள்ளைகள்தான் என்று சாட்சி சொல்ல ஓர் எக்ஸ்எம்எல் ஃபைல். 'கஸ்டமர்' என்கிற கிளாஸின் சரக்கு 'கஸ்டமர்' என்கிற டேபிளில் இருக்கிறது, அதில் 'நேம்' என்பது 'நேம்' என்கிற இடத்தில் இருக்கிறது என்று எழுத்துமூலம் தரவேண்டும். முருகன் ஆகிய நான், முருகன் என்று அழைக்கப்படும் முருகன்தான் என்று முத்திரைப் பத்திரத்தில் அஃபிடவிட் போடுகிற மாதிரி. 2001-இல் காவின் கிங் என்பவர் ஹைபர்னேட் கொண்டுவந்து பீன் தொல்லையை ஒழித்தார். அஃபிடவிட் மட்டும் ஒழியவில்லை. அது இன்னும் எக்ஸ்எம்எல்லில்தான் இருந்தது.

இதற்கெல்லாம் மூலக்காரணம் ஒரு பழைய குடும்பச் சண்டை. 1970-இல் ஐபிஎம்மிலிருந்த எட்கர் காட், தகவல்களை டேபிள் டேபிளாக வைத்தால் போதும் என்றார். அவர் டேபிள்களுக்குச் சொந்தபந்தம் தெரியாது. இங்கே ஓர் எண் இருக்கும், அங்கே அதே எண் இருக்கும், உறவு அவ்வளவுதான். புரோகிராமர்களோ ஆப்ஜெக்ட் ஆப்ஜெக்டாக யோசிக்கிறவர்கள். அவர்களுக்கு அப்பா, பிள்ளை, பேரன் எல்லாம் வேண்டும். இரண்டு வீட்டாரையும் ஒரே பந்தியில் உட்காரவைக்க ஆளாளுக்கு ஒரு வழி சொன்னார்கள். அந்த வழிகளையெல்லாம் 2002-இல் மார்ட்டின் ஃபவுலர் என்பவர் ஒரு தடிப் புத்தகத்தில் தொகுத்து ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தார். டேபிளில் உள்ள ஒரு வரிக்கு ஓர் ஆப்ஜெக்ட், தன்னைச் சேமித்துக்கொள்ளவும் அதற்கே தெரியும் என்கிற எளிய வழிக்கு அவர் வைத்த பெயர் ஆக்டிவ் ரெக்கார்ட்.

இப்போது கதாநாயகன் நுழைகிறார். டேவிட் ஹைனமெயர் ஹான்சன், கோபன்ஹேகனில் வணிகவியல் படிக்கிற பையன். ஏழு மணி நேரம் பின்தங்கியிருக்கும் சிகாகோவில் 37சிக்னல்ஸ் என்ற சின்ன கம்பெனி. அதை நடத்திவந்த ஜேசன் ஃப்ரைடுக்கு பேஸ்கேம்ப் என்கிற வேலை மேலாண்மைக் கருவியைக் கட்டிக்கொடுக்கும் பொறுப்பு பையனுக்கு வந்தது. 2004 பிப்ரவரியில் பேஸ்கேம்ப் வெளியானது. கட்டடம் முடிந்ததும் சாரத்தைப் பிரித்து எடுத்து, ஜூலையில் ஊருக்கு இலவசமாகக் கொடுத்துவிட்டார். ஆக்டிவ் ரெக்கார்ட் வழியில் போன அந்தச் சாரம்தான் ரெயில்ஸ். (பிற்பாடு கார் பந்தயத்தில் இறங்கி, 2014-இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் ஜெயித்தும் காட்டினார். சிலருக்கு ஒரு ஜென்மம் போதாது.)

அவருடைய சித்தாந்தத்தைத் தமிழில் சொல்வதென்றால்: வழக்கம் இருக்கையில் விளக்கம் எதற்கு. கிளாஸ் பெயர் 'போஸ்ட்' என்றால் டேபிள் பெயர் 'போஸ்ட்ஸ்'தான். கமெண்ட் டேபிளில் 'போஸ்ட் ஐடி' என்று ஓர் எண் இருந்தால் அது போஸ்ட்டைத்தான் குறிக்கும். இதை எங்கேயும் எழுதித்தர வேண்டாம், நோட்டரி வேண்டாம், எக்ஸ்எம்எல் வேண்டாம். 2005-இல் ஒரு வீடியோ வந்தது. பதினைந்து நிமிஷத்தில் முழு வலைப்பூவைக் கட்டிக் காட்டினார். நடுநடுவே 'ஊப்ஸ்' போட்டபடி, நான் எதையெல்லாம் செய்யாமல் இருக்கிறேன் பாருங்கள் என்று பெருமைப்பட்டார். நம் ஆபீஸில் இதே வாக்கியத்தைச் சொன்னால் அப்ரைசலில் கைவைப்பார்கள். அவருக்கு உலகமே எழுந்து நின்று கைதட்டியது.

கைதட்டல் ஓய்ந்தபிறகுதான் ஒரு விஷயம் உறைத்தது. ஒரு போஸ்ட் என்பது ஒருமை. போஸ்ட்டுகள் அடுக்கிவைக்கப்பட்ட டேபிள் பன்மை. சரி. ஆனால் ஒருமையைப் பன்மையாக்க மெஷினுக்கு ஆங்கில இலக்கணம் தெரியவேண்டுமே? பன்மையைப் பார்த்து ஒருமையைக் கண்டுபிடிக்கவும் தெரியவேண்டுமே? ஆங்கிலமோ, ஊரெல்லாம் கடன்வாங்கிய வீடு மாதிரி, ஒவ்வொரு சாமானுக்கும் ஒவ்வொரு சாவி வைத்திருக்கும் மொழி.

இதைச் செய்யக் கிளம்பியவர்கள் யார் யார் என்று பாருங்கள். ரூபி மொழியை 1995-இல் வெளியிட்டவர் யுகிஹிரோ மாட்சுமோட்டோ. ஜப்பானியர். ஜப்பானிய மொழியில் பெயர்ச்சொல் ஒன்று என்றாலும் பத்து என்றாலும் பெரும்பாலும் அதே சொல்தான், சலனமே இருக்காது. அதன்மேல் ரெயில்ஸ் கட்டியவர் டென்மார்க்காரர். பன்மை உண்டு அவர் மொழியில், ஆனால் ஆட்டுக்கு ஒன்றென்றாலும் மந்தையென்றாலும் 'ஃபோர்'தான். அதே யோசனையை 2005-இல் பிஹெச்பி மொழிக்குக் கொண்டுபோய் கேக்பிஹெச்பிக்கு விதை போட்டவர் மிஹாவ் டடாரினோவிச். போலந்துக்காரர். போலிஷ் மொழியில் இரண்டு, மூன்று, நாலு பூனைக்கு ஒரு வடிவம். ஐந்தாவது பூனை வந்ததும் வேறு வடிவம். ஆக ஒரு ஜப்பானியர் போட்ட அஸ்திவாரத்தில் ஒரு டேனிஷ்காரரும், பக்கத்து மனையில் ஒரு போலிஷ்காரருமாக உலகத்துக்கு ஆங்கிலப் பன்மை சொல்லிக்கொடுத்தார்கள்.

ரெயில்ஸின் வாத்தியாருக்கு இன்ஃப்ளெக்டர் என்று பெயர். உள்ளே விதிகள், விதிவிலக்குகள், எண்ணமுடியாதவை என்று மூன்று பை. விதிகள் பையில்தான் குகை மாட்டிக்கொண்டது. 'வைவ்ஸ்' என்றால் மனைவியர், 'நைவ்ஸ்' என்றால் கத்திகள். மனைவியையும் கத்தியையும் ஒருமையில் ஒழுங்காகக் கொண்டுவர, கடைசியில் வரும் மூன்று எழுத்தை வெட்டி 'எஃப் ஈ' ஒட்டு என்று ஒரு விதி. மனைவிக்காகப் போட்ட சட்டம் குகையையும் பிடித்துக்கொண்டது. 'டேட்டா'வுக்கு ஒருமை 'டேட்டம்' என்று சொல்ல இன்னொரு விதி. இந்தியா இண்டியமானது அந்த விதியின் கைங்கரியம். 'மூவ்' என்கிற சாதுச் சொல் விதிவிலக்குப் பையில் ஏன் உட்கார்ந்திருக்கிறது என்று ரொம்ப நாள் குழம்பியிருக்கிறேன். அதைத் தனியாகப் பிடித்து வைக்காவிட்டால் 'மூவ்ஸ்' என்பதன் ஒருமை 'மோஃப்' ஆகிவிடும். காரணம் அதே மனைவி, அதே கத்தி.

ஆக்டோபஸ் கிரேக்க வழிச்சொல். அதற்கு லத்தீன் வேஷ்டி கட்டி 'ஆக்டோபை' என்று பன்மை கொடுத்தார்கள். போதாததற்கு வைரஸையும் பக்கத்தில் உட்காரவைத்து 'வைரை' ஆக்கினார்கள். பழைய லத்தீனில் அந்தச் சொல்லுக்குப் பன்மையே புழக்கத்தில் இல்லை. ஆஸ்பத்திரிக்கு சாஃப்ட்வேர் எழுதுகிறவன் 'வைரஸ்' என்று மாடல், அதாவது கிளாஸ், வைத்தால், அவனுடைய டேபிள் பெயர் டாக்டருக்கே புரியாது.

மாட்டின் கதைதான் உச்சம். 'கவ்' என்பதற்குப் பன்மை 'கவ்ஸ்' என்று பால்காரர் பிள்ளைக்கும் தெரியும். ரெயில்ஸில் சில காலம் அது 'கைன்'. 1611-இல் வந்த ஜேம்ஸ் மன்னர் பைபிளில் எகிப்து ராஜா கனவில் ஏழு கொழுத்த மாடும் ஏழு மெலிந்த மாடும் ஆற்றிலிருந்து ஏறிவருமே, அந்த மாடுகள்தான் கைன். யாரோ ஒரு குறும்பர் அதைப் பட்டியலில் சேர்த்துவிட்டார். பால் பண்ணைக்கு வெப்சைட் செய்தவன் டேட்டாபேஸைத் திறந்தால் உள்ளே பழைய ஏற்பாடு.

இதைத் திருத்தலாமே என்று நாலு பேர் போனார்கள். ரெயில்ஸ்காரர்கள் ஆவணத்திலேயே எழுதிவைத்துவிட்டார்கள்: பன்மை விதிகளில் இனிமேல் திருத்தம் ஏற்கமாட்டோம், ஏனென்றால் தப்பான பன்மையை நம்பி ஏற்கெனவே பல தளங்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. தப்பைத் திருத்தினால் தப்பாகிவிடும். இப்படியொரு நேர்மையான அரசாணையை நான் வேறெங்கும் படித்ததில்லை. ஆனாலும் மாட்டுக்கு மட்டும் மனம் இரங்கியது. 2013-இல் வந்த நாலாம் பதிப்பில் கைனை எடுத்துவிட்டார்கள். அந்தப் பதிப்பின் விதிவிலக்குப் பட்டியலைத் திறந்தால் 'ஜாம்பி' இருக்கிறது. இல்லாவிட்டால் 'ஜாம்பீஸ்' என்பதன் ஒருமையை வாத்தியார் கடைசியில் 'ஒய்' போட்டுத் தப்பாக எழுதுவார். மாடு போய்விட்டது, பிணம் நிற்கிறது.

கேக்பிஹெச்பிக்காரர்கள் இந்த ஆட்டத்தை இன்னும் பெரிதாக ஆடினார்கள். அவர்களுடைய பழைய பட்டியலைப் பொழுதுபோகாத நாளில் வாசிக்கலாம். அம்மை, பொன்னுக்குவீங்கி, வெறிநாய்க்கடி, நீரிழிவு என்று முழு ஆஸ்பத்திரி வார்டு. காண்டாமிருகம், ஆப்பிரிக்கச் சமவெளியின் வைல்டபீஸ்ட். 'ட்ரில்பி' என்கிற தொப்பி. பின்மண்டைக்கு வைத்தியர்கள் சொல்லும் 'ஆக்ஸிபுட்'. எழுத்தாளர் கிப்ளிங்கின் நடையைக் குறிக்கும் 'கிப்ளிங்கீஸ்' என்றுகூட ஒரு சொல். டேபிளுக்கு கிப்ளிங்கீஸ் என்று பெயர்வைக்கும் மனிதன் இனிமேல்தான் பிறக்கவேண்டும். பிறந்தால் கேக்பிஹெச்பி தயாராக இருக்கும். இதே சரக்கு, ஆஸ்திரேலியரான டேமியன் கான்வே 1998-இல் பெர்ல் மொழியை முன்வைத்து எழுதிய பன்மை ஆராய்ச்சியிலும் இருக்கிறது. என் அறிவுக்கு எட்டியவரை இந்தக் கதையில் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டு, பன்மையையும் மனம்விட்டு நேசித்தவர் அவர் ஒருவர்தான்.

ஏனென்றால் மற்ற ஆங்கிலக்காரர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலம், லாரன்ஸ் என்கிற ஊர், லாரன்ஸ் ஜர்னல்-வேர்ல்டு என்கிற உள்ளூர்ப் பத்திரிகை. அங்கே 2003-இல் ஏட்ரியன் ஹொலவாட்டியும் சைமன் வில்லிசனும் செய்திப் பக்கங்களுக்காகக் கட்டிய சாரம்தான் ஜாங்கோ, 2005 ஜூலையில் வெளியானது. ஒருவர் அமெரிக்கர், ஒருவர் இங்கிலாந்துக்காரர். தாய்ப்பாலோடு ஆங்கிலம் குடித்தவர்கள். பன்மை விஷயத்தில் இவர்களுடைய ஆராய்ச்சி முடிவு: கடைசியில் ஓர் 'எஸ்' போடு, போதும். 'கேட்டகரி' என்று மாடல் எழுதிவிட்டு ஜாங்கோவின் நிர்வாகப் பக்கத்தைத் திறந்தால் 'கேட்டகரி' எழுத்து மாறாமல் அப்படியே இருக்கும், பின்னால் ஒரு 'எஸ்' தொங்கும். ஐந்தாம் வகுப்பு டீச்சர் பார்த்தால் முட்டிபோட வைப்பார். வேறு வேண்டுமென்றால் நீயே எழுதிக்கொள் என்று ஓர் ஆப்ஷன் கொடுத்திருக்கிறார்கள். டேபிள் பெயர் ஒருமையிலேயே இருக்கும். ஒரு கேட்டகரிக்கு உள்ள போஸ்ட்டுகளைக் கேட்கவேண்டுமென்றால் 'போஸ்ட் செட்' என்று கேட்கவேண்டும், அங்கேயும் பன்மையைத் தொடவில்லை. வீட்டுப் பிள்ளை எச்சில் தட்டோடு எழுந்துபோகிறான், விருந்தாளிகள் பாத்திரம் தேய்க்கிறார்கள்.

நமக்கு இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 'மாடு மேய்ந்தது', 'மாடு மேய்ந்தன' இரண்டும் சரி, மாடு எத்தனை என்று வினைச்சொல்லைப் பார்த்துத் தெரிந்துகொள் என்று நன்னூலில் பவணந்தியார் 13-ஆம் நூற்றாண்டிலேயே இடம் கொடுத்துவிட்டார். பால்பகா அஃறிணைப் பெயர் என்று அதற்குப் பெயர். ரெயில்ஸின் மூன்றாவது பை இதேதான்: கருவி, தகவல், அரிசி, பணம், உயிரினம், தொடர், மீன், ஆடு, ஜீன்ஸ், போலீஸ். பத்தே பத்து. அதில் போலீஸ் எப்படி எண்ணமுடியாததானது என்று கேட்காதீர்கள், எனக்கும் ஊர்ப்பக்கம் போகவேண்டும்.

பெயர் வைத்தாயிற்று, அடுத்து சம்பந்தம் பேசவேண்டும். மாடல்களுக்குள் உறவு சொல்ல ரெயில்ஸ் நாலு வாக்கியம் வைத்தது. 'ஹேஸ் மெனி', பல உண்டு. 'ஹேஸ் ஒன்', ஒன்றே உண்டு. 'பிலாங்ஸ் டு', இன்னாரைச் சேர்ந்தது. நாலாவது 'ஹேஸ் அண்ட் பிலாங்ஸ் டு மெனி', அதாவது பல உண்டு, பலரையும் சேர்ந்தது. கிசுகிசு பத்தி மாதிரி ஒலித்தாலும் கேக்பிஹெச்பியும் அப்படியே எடுத்துக்கொண்டது.

புதிதாக வருகிற பிள்ளைகள் 'ஹேஸ் ஒன்'னுக்கும் 'பிலாங்ஸ் டு'வுக்கும் நடுவில் மாதக்கணக்கில் திணறுவார்கள். பயனருக்கு ப்ரொஃபைல் உண்டா, ப்ரொஃபைல் பயனரைச் சேர்ந்ததா, இரண்டும் ஒன்றுதானே? நான் அவர்களிடம் இனிஷியலைக் காட்டிச் சொல்வேன். அப்பா பெயரின் முதலெழுத்தைப் பிள்ளை சுமக்கிறான். பிள்ளையின் எழுத்தை அப்பா சுமப்பதில்லை. முன்பு பார்த்த 'போஸ்ட் ஐடி' மாதிரி எண்ணுக்கு ஃபாரின் கீ என்று பெயர். அதுதான் இனிஷியல். அது யாரிடம் இருக்கிறதோ அவர்தான் 'பிலாங்ஸ் டு'. 2016-இல் வந்த ஐந்தாம் பதிப்பிலிருந்து, புதுத் தளங்களில் 'பிலாங்ஸ் டு' போட்டால் அந்த உறவு காலியாக இருக்கக்கூடாது என்பதே வழக்கமாயிற்று. தந்தை பெயர் நிரப்பாத விண்ணப்பம் நிராகரிக்கப்படும். தாலுகா ஆபீஸில் நாம் எப்போதோ கண்ட முன்னேற்றம்.

அப்பா போனால் பிள்ளை என்னாவது? இங்கேயும் நம்மிடம் பாடம் இருக்கிறது. ஆறாம் வேற்றுமைக்குக் கிழமைப் பொருள். ராமனது கை என்றால் தற்கிழமை, அவனை விட்டுப் பிரியாது. ராமனது வீடு என்றால் பிறிதின்கிழமை, அவன் போனாலும் வீடு நிற்கும். ரெயில்ஸில் 'டிஸ்ட்ராய்' என்று எழுதினால் கை. ஆளோடு சேர்த்து எரித்துவிடும். 'நல்லிஃபை' என்று எழுதினால் வீடு. பட்டாவில் பெயரை மட்டும் அழித்துவிட்டு நிற்கவிடும். ஒன்றுமே எழுதாவிட்டால் ரெயில்ஸும் ஒன்றுமே செய்யாது. செத்துப்போன அப்பாவின் எண்ணை இனிஷியலாகப் போட்டுக்கொண்டு பிள்ளைகள் டேபிளில் அலைந்துகொண்டிருக்கும்.

பலருக்குப் பலர் என்கிற உறவுக்கு நடுவில் ஒரு டேபிள் வேண்டும். அதற்குப் பெயர்? இரண்டு வீட்டுப் பெயரையும் சேர்த்து எழுது, யார் பெயர் முதலில் என்ற சண்டை வரக்கூடாது, ஆகவே அகர வரிசை. கல்யாணப் பத்திரிகையில் இந்த விதி இருந்திருந்தால் எத்தனையோ சம்பந்திகள் இன்றைக்கும் பேசிக்கொண்டிருப்பார்கள். ஆனால் அகர வரிசையிலும் ஒரு பள்ளம் உண்டு. 'பேப்பர்ஸ்' என்று ஒரு டேபிள், 'பேப்பர் பாக்ஸஸ்' என்று ஒரு டேபிள். சின்னப் பெயர்தானே முதலில் என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். 'பேப்பர்' வரை இரண்டும் ஒன்று. அடுத்து ஒன்றில் அடிக்கோடு, மற்றதில் 'எஸ்'. கம்ப்யூட்டரின் அஸ்கி கணக்கில் அடிக்கோட்டுக்கு எண் 95, சின்ன எழுத்து எஸ்ஸுக்கு 115. பெட்டிதான் முதல் மரியாதை வாங்கும். ஒரு கோடு பந்தியில் ஓர் எழுத்தைத் தள்ளிவிட்டு உட்கார்ந்த இந்தச் சம்பவத்தை ரெயில்ஸ் ஆவணம் தனியாக எச்சரிக்கையாகவே போட்டிருக்கிறது. இன்னொரு குறையும் இருந்தது. அந்த நடு டேபிள் வெறும் இரண்டு எண்களுக்கானது. கல்யாணத் தேதியை வசதியாக எழுத இடமில்லாத கல்யாணப் பதிவேடு. 2006-இல் 1.1 பதிப்பில் 'ஹேஸ் மெனி த்ரூ' வந்த பிறகுதான் நடுவில் இருப்பவருக்கும் சொந்தப் பெயர், சொந்த வாழ்க்கை கிடைத்தது. தரகர் கௌரவமானார்.

என் சொந்த சேதாரத்தையும் சொல்லிவிடுகிறேன். சில வருஷங்களுக்கு முன் ஓர் ஓட்டலுக்கு ஆர்டர் எடுக்கும் தளம் செய்தோம். ஆர்டர் என்று ஒரு மாடல், பரோட்டா என்று ஒரு மாடல். ஓர் ஆர்டருக்குப் பல பரோட்டா. நம் ஊரில் எவன் 'பரோட்டாக்கள்' என்பான்? கல்லுக்கு முன்னால் நின்று நாலு பரோட்டா என்றுதான் கேட்போம். எங்கள் டீமில் இருந்த பையனும் அப்படியே 'ஹேஸ் மெனி பரோட்டா' என்று எழுதினான். 'எஸ்' போடவில்லை. ரன் செய்தான். திரை சிவந்தது.

"அண்ணே, பரோட்டம்னு ஒரு கிளாஸைத் தேடுது. நான் அப்படி எதுவும் எழுதவே இல்லையே."

ஒரு மணி நேரம் தேடினோம். பிறகு பொறி தட்டியது. 'டேட்டா'வுக்கு 'டேட்டம்' என்றால் 'பரோட்டா'வுக்கு 'பரோட்டம்'தானே. இந்தியாவை இண்டியமாக்கிய அதே விதி பரோட்டாக் கல் வரைக்கும் வந்துவிட்டது. பவணந்தியாருக்குத் தெரிந்தது வாத்தியாருக்குத் தெரியவில்லை.

பரிகாரம் ஒற்றை வரி. எண்ணமுடியாதவை பட்டியலில் எங்கள் தளத்துக்கு மட்டும் ஒரு சொல்லைக் கூடுதலாகச் சேர்த்தோம். அரிசி, மீன், ஆடு என்று போய்க் கடைசியில் போலீஸ் நின்றுகொண்டிருந்தது. அதற்கு அடுத்து பரோட்டா.

"சரியான இடம்தான்ணே," என்றான் பையன். அவன் வீட்டுத் தெருமுனையில் ராத்திரி பதினொன்றரைக்கும் கடை உண்டு.